ஒரு ஆள் எடைக்கு இறக்கிய வண்டி

மே 6, திங்கள்

பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாகிவிட்டது. போதும். இன்றிலிருந்து எழுதப்போகிறேன்.

என் தம்பி பூபதியின் பட்டறையில் என் வண்டியை வேலைக்கு விட்டிருக்கிறேன். ஏழு இருக்கை, ஆறடி உயரம், இரண்டேகால் டன். அதை மூன்று அங்குலம் கீழே இறக்க வேண்டும். வண்டியோடு வந்த பதினெட்டு அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நான் அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன இருபத்திரண்டு அங்குலச் சக்கரங்களை மாட்ட வேண்டும். அங்கே நடக்கும் தவறுகளை ஒன்றுவிடாமல் தேதி போட்டுக் குறித்து, கோவை வண்டிக்காரர்கள் குழுவின் முகநூல் பக்கத்தில் போடுவேன். நாற்பதாயிரம் பேர் இருக்கும் பக்கம். ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

எதற்கு இறக்க வேண்டும் என்று கேட்காத ஆளில்லை. எங்கள் பக்கத்தில் வண்டியின் உயரம்தான் சொந்தக்காரனின் உயரம். காசு கொடுத்து வாங்கிய உயரத்தைக் காசு கொடுத்துக் குறைப்பவனைப் பைத்தியம் என்பார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகப் பொறியியல் கல்லூரியில் வாகன இயக்கவியல் நடத்துகிறேன். கனமான வண்டியின் ஈர்ப்பு மையம் கீழே வந்தால் வளைவில் அது எப்படி நிற்கும் என்று ஆசிரியர் அறையில் விளக்கியபோது, துறைத்தலைவர் தங்கவேல், "உங்க கணக்கெல்லாம் போர்டுல நல்லா ஓடுதுங்க சார்" என்றார். எட்டுப் பேர் சிரித்தார்கள். எட்டுப் பேரின் பெயரும் என்னிடம் இருக்கிறது.

மற்ற பட்டறைகளில் ஸ்பிரிங்கை அறுத்துவிட்டு அதற்கு இறக்கம் என்று பெயர் வைப்பார்கள். ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவன் பூபதி ஒருவன்தான். அதனால்தான் அங்கே விட்டேன். வேறு காரணமில்லை.

"இருபத்தாறாந்தேதிக்குள்ள பேசிருவீங்களா?" என்றாள் என் மனைவி இந்துமதி, கீரையை ஆய்ந்துகொண்டே.

இருபத்தாறாம் தேதி குலதெய்வக் கோயிலில் கெடா விருந்து. இந்த வருடம் எங்கள் அப்பா வீட்டு முறை. பேச்சு இல்லாத அண்ணன் தம்பி அங்கே ஒரே பானையில் பொங்கல் வைக்கக் கூடாது. பூசாரி கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க விடுவார். இல்லையென்றால் முறை பங்காளிகளுக்குப் போய்விடும். மறுபடியும் திரும்பி வராது.

"வண்டி வேலைக்குப் போறேன்" என்றேன்.

"அதுதான் கேக்கறேன்" என்றாள்.

மே 7, செவ்வாய்

கல்லூரி விடுமுறை. காலை எட்டரைக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். மேற்பார்வை பார்க்காமல் விட முடியாது.

பூபதி வாசலில் நின்றிருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தான். பிறகு, பக்கத்தில் நின்ற ஜமால் பாயைப் பார்த்து, "வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடச் சொல்லுங்க பாய்" என்றான்.

ஜமால் பாய் தலைமை மெக்கானிக். அறுபது வயது, வாய் நிறைய வெற்றிலை. நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, "நாற்காலி போட்டாச்சுங்க சார்" என்று என்னிடம் அறிவித்தார்.

"நான் உக்கார வரலைன்னு சொல்லுங்க."

"உக்கார வரலையாமுங்க."

"எனக்கும் காது கேக்குது பாய்" என்றான் பூபதி.

இனி இப்படித்தான் நடக்கும். நான் சொன்னால் பாய் அவனிடம் சொல்வார். அவன் சொன்னால் பாய் என்னிடம் சொல்வார். எங்களுக்கு நடுவில் மூன்றடி இடைவெளி.

தவறு 1: ஜாக்கி வைக்கும் இடத்தில் எண்ணெய் துடைக்கப்படவில்லை.

மே 8, புதன்

தவறு ஏதுமில்லை. இன்று தேடியும் கிடைக்கவில்லை.

மே 10, வெள்ளி

எப்படி ஆரம்பித்தது என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்தப் பட்டறையைத் திறந்தான். திறப்பு விழா அழைப்பிதழில் முன்னின்று நடத்துபவர்கள் என்று ஐந்து பெயர்கள். முதல் பெயர் அவன் மாமனார் அங்கமுத்து. அடுத்து ஒரு பெயிண்ட் வியாபாரி. ஐந்தாவது, கடைசிப் பெயர், நான். கூடப் பிறந்த அண்ணன். முனைவர் பட்டம் வாங்கியவன். பட்டத்தையும் போடவில்லை. விழாவுக்குப் போனேன், நின்றேன், டிபன் சாப்பிடாமல் வந்துவிட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஏன் என்று நானும் சொல்லவில்லை.

இன்று அவன் தரையில் உட்கார்ந்து, ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பதற்காகக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தான். "எத்தனை பேரு போவாங்கன்னு கேளுங்க பாய். லோடு எழுதோணும்."

"ஒருத்தர். எழுபத்தெட்டுக் கிலோ."

பாய் என்னையே பார்த்தார். "ஏழு சீட்டு வண்டிங்க சார்."

"அது கம்பெனி வெச்சது. ஓட்டறது நான். வேற யாரும் ஏறறது இல்லை."

இது வெறும் தகவல். இந்துமதிக்கு ஸ்கூட்டர் இருக்கிறது. என் வண்டியில் ஏறினால் கதவை அறைந்து சாத்தாதே, செருப்பைத் தட்டிவிட்டு ஏறு, கண்ணாடியில் கை வைக்காதே என்று நான் சொல்வேனாம். சொல்லத்தான் சொல்வேன். அவள் ஏறி ஆறு வருடம் ஆகிறது. கல்லூரி ஆட்களை நானே ஏற்றுவதில்லை.

பூபதி பென்சிலை எடுத்து 78 என்று எழுதினான். எழுதிவிட்டு அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கு தெரியாதவர்கள் எண்ணை அப்படித்தான் பார்ப்பார்கள்.

மே 14, செவ்வாய்

இன்று ஜமால் பாய் தன் வேலையில் பெரிய மோசடி செய்தார். எழுதியே ஆக வேண்டும்.

வண்டியைக் கீழே இறக்கினால் பின் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்து உட்காரும். அதை நடுவில் பிடித்து வைக்கும் குறுக்குக் கம்பியின் நீளத்தைக் குறைக்க வேண்டும். இது அவனுக்குத் தெரியுமோ என்னவோ என்று, "குறுக்குக் கம்பியைக் குறைக்காம வெச்சா அச்சு நடுவுல நிக்காதுன்னு சொல்லுங்க" என்றேன்.

பாய் திரும்பி, "அண்ணன் உடம்பு எப்படி இருக்குதுன்னு கேக்கறாருங்க" என்றார்.

"நல்லாருக்குதுன்னு சொல்லுங்க. சர்க்கரைதான் கொஞ்சம்" என்றான் பூபதி.

"நான் கம்பியைப் பத்திச் சொன்னேன் பாய்."

"கம்பி லேத்துல கெடக்குதுங்க சார், காலையிலயே குடுத்தாச்சு. அதையே எத்தனை தடவை நான் தூக்கிட்டு அலையறது? எனக்கும் வயசாகுதில்ல."

அவனுக்குச் சர்க்கரை என்று எனக்குத் தெரியாது. எங்கள் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டில் வந்தது. இவனுக்கு நாற்பத்தெட்டுதான்.

மதியம் சுகுணா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சுகுணா அவன் மனைவி, கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் மட்டும் என்னிடம் நேராகப் பேசுவாள். "மாமா, சக்கரை போட்டதுங்களா, போடாததுங்களா?" போட்டது என்றேன். பூபதிக்குப் போடாததைக் கொடுத்தாள். சரியாகத்தான் கொடுத்தாள். நான் கவனித்தேன்.

மே 16, வியாழன்

சக்கரங்கள் வந்துவிட்டன.

நான்கு பெட்டிகள். பிரிக்கும்போது பட்டறையே கூடிவிட்டது. எதிரே தையல்கடை வைத்திருக்கும் லட்சுமணனும் அவன் மனைவி பேபியும் தையலை விட்டுவிட்டு வந்தார்கள். டீக்கடை ராயப்பன் தூக்குவாளியோடு வந்து, பளபளத்த உலோகத்தில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்.

"பத்துக் கம்பி வெச்ச சக்கரம். இதை மாட்டி ரோட்டுல போறதா? பீரோவுல வெச்சுப் பூட்டோணும்" என்றாள் பேபி.

"ரப்பர் எங்கங்க? இவ்வளவூண்டுதான் இருக்குது" என்றார் ராயப்பன், டயரை விரலால் அளந்து.

டயரின் மொத்த உயரம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், சக்கரம் பெரிதானால் ரப்பரின் உயரம் குறையும், அப்போதுதான் வேகமானி பொய் சொல்லாது என்று விளக்கினேன். விளக்கும்போது குரல் தன்னால் உயர்ந்துவிட்டது. வகுப்பில் எழுபது பேர் இருந்தும் இப்படிக் கேட்டதில்லை. ராயப்பன் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள்.

மாட்டி இறக்கினார்கள். வண்டி மெல்லக் கீழே வந்து உட்கார்ந்தது. சக்கரத்தின் மேல் விளிம்பும் வண்டியின் வளைவும் ஒன்றையொன்று தொடாமல், ஒரு விரல் இடைவெளியில், முழுவட்டமாக நின்றன. லட்சுமணன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "தெச்சு எடுத்தாப்புல இருக்குது" என்றான்.

எனக்கு எதிர்ப்பக்கம் பூபதி நின்றிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். நான் சிரிக்கவில்லை. சிரித்தேன் என்று பாய் பிறகு சொன்னார். அது அவர் கருத்து.

மே 18, சனி

சோதனை ஓட்டம். நான் ஓட்டினேன், பாய் பக்கத்தில். புறப்படுவதற்கு முன் அவர் தன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் மேலே உள்பக்கத்து விளிம்பில் தடவினார். டயர் எங்காவது உரசினால் சுண்ணாம்பு அழிந்திருக்கும். முப்பது வருடமாக இதுதான் அவர் கருவி. எங்கள் ஆய்வகத்தில் இதே வேலைக்கு ஒரு கருவி இருக்கிறது. அது நான்கு வருடமாகப் பழுது.

புறவழிச்சாலையின் நீண்ட வளைவில் எண்பதில் திருப்பினேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் வண்டி படகு மாதிரிச் சாயும். இன்று சாயவில்லை. மறுபடியும் திரும்பி வந்து தொண்ணூறில் போனேன். சாலையைக் கையால் தடவிக்கொண்டு போவதுபோல இருந்தது. இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியது என் முதுகுக்கும் உள்ளங்கைக்கும் வந்து சேர்ந்தது. அதே வளைவில் ஏழு முறை போனேன்.

"சார், எனக்குத் தொழுகைக்கு நேரமாகுது" என்றார் பாய்.

திரும்பியதும் சுண்ணாம்பைப் பார்த்தோம். நான்கும் அழியவில்லை. என் கணக்கு மில்லிமீட்டர் பிசகவில்லை என்று பூபதியிடம் சொல்லச் சொன்னேன். பாய் சொன்னார்.

மே 20, திங்கள்

சாவி வாங்கப் போனேன். தரவில்லை.

"ஆள் ஏத்திப் பாக்காம நம்ம பட்டறையில சாவி குடுக்கறதில்லைன்னு சொல்லுங்க பாய்."

"மணல் மூட்டை வெச்சுப் பாருங்கன்னு சொல்லுங்க."

"மூட்டை வெச்ச எடத்துல கெடக்கும். மனுசன் திரும்புவான், சாய்வான், சிரிப்பான். ஆளுதான் வேணும்."

பட்டறை வழக்கமாம். இதை நான் தவறு என்று குறித்துக்கொண்டேன். அதற்குள் பாய் ஏறிவிட்டார். சுகுணா கல்லாவைப் பூட்டிவிட்டு வந்தாள். ராயப்பன், லட்சுமணன், பேபி, வெல்டிங் செய்யும் அண்ணன் தம்பி இரண்டு பேர். செருப்பைத் தட்டிவிட்டு ஏறச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து இந்துமதி ஸ்கூட்டரில் வந்து நின்றாள். நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, "என்ன, எல்லாரும் எங்க கெளம்பீட்டீங்க?" என்றாள்.

"சும்மா ஒரு ரவுண்டு. ஏறுங்கக்கா" என்றாள் சுகுணா.

ஏறிவிட்டாள். கதவை அறைந்து சாத்தினாள்.

பூபதி ஓட்டினான். ஏழு இருக்கையில் ஒன்பது பேர். நம் ஊரில் அது நிரம்பிய வண்டி இல்லை. நான் கேட்டருகே நின்று, பின் சக்கரங்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வண்டி தெருமுனைவரை போய்த் திரும்பியது. உள்ளே ஒரே சிரிப்பு. பேபி ஏதோ பாடினாள். இந்துமதி கைதட்டிக்கொண்டிருந்தாள். என் வண்டிக்குள் அத்தனை சத்தம் கேட்டதே இல்லை. எனக்கு அது வேறு யாருடைய வண்டியோ போலிருந்தது.

ஒரு சின்னப் பள்ளம். இடது பின்பக்கத்தில் கர்ரென்று ஒரு சத்தம். துணி கிழிவது மாதிரி.

பூபதி அங்கேயே நிறுத்தினான். நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். விளிம்பில் சுண்ணாம்பு இல்லை. எல்லாம் டயர்மேல் வெள்ளைக் கோடாக இருந்தது.

பிழை என்னுடையது. எழுபத்தெட்டுக் கிலோவுக்குப் போட்ட கணக்கில் அறுநூறு கிலோ உட்கார்ந்திருந்தது.

நான் நிமிர்ந்தபோது பூபதி ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தான். பாய் பக்கத்தில்தான் இருந்தார். அவரைப் பார்க்கவில்லை.

"ஏண்ணா, இத்தன பெரிய வண்டிய வாங்கிப்போட்டு, இதுல ஒருத்தருமே ஏற மாட்டாங்கன்னு எப்படிண்ணா நீ கணக்குப் போட்டே?"

நீ என்றான். பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவான்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "எத்தனை டிகிரில திருப்புனே?" என்று கேட்டேன். அவ்வளவுதான் வந்தது.

"நேராத்தாண்ணா வந்தேன்" என்றான்.

ஜமால் பாய் கதவைத் திறந்து இறங்கினார். "நம்ம வேலை முடிஞ்சுதுங்க" என்று சொல்லி, வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார்.

மே 21, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் போய்விட்டேன். நாங்கள் இருவரும் வண்டிக்கு அடியில் மதியம்வரை மல்லாந்து கிடந்தோம். ஸ்பிரிங்கை மாற்றி ஒரு அங்குலம் மேலே ஏற்றுவது, விளிம்பைச் சூடாக்கி உள்பக்கமாக மடிப்பது. நான் சூடான காற்று ஊதும் துப்பாக்கியைப் பிடித்தேன், அவன் மடித்தான். பெயிண்ட் வெடிக்கவில்லை. சட்டை போயிற்று.

நிறையச் சண்டை போட்டோம். ஒரு அங்குலம் அதிகம், முக்கால் போதும் என்றேன். "முக்காலுங்கறது ஒம்போது பேருக்குச் சரி" என்றான்.

"நீ எத்தனை பேருக்குப் போட்டே?"

"பத்து."

"நேத்து ஏறினது ஒன்பதுதானே?"

"நீ ஏறலியே."

தூசி விழுந்து கண் கரித்தது. வண்டிக்கு அடியில் படுத்தால் அதுதான் தொல்லை.

மே 22, புதன்

சுகுணாவிடம் அழைப்பிதழைப் பற்றிக் கேட்டுவிட்டேன். ஏன் என் பெயர் கடைசியில் வந்தது, யார் முடிவு செய்தது என்று.

"நான்தானுங்க மாமா எழுதிக் குடுத்தேன். அப்ப லைப்ரரியில வேலை பாத்தேனில்ல. அகரவரிசையில போட்டேன்."

"அகரவரிசையா?"

"யாரை மொதல்ல போடறது, யாரைப் பின்னால போடறதுன்னு சண்டை வந்துரக் கூடாதுன்னு."

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். அ, க, ச, ப, கடைசியில் என் வெ. சரியாக இருக்கிறது. பட்டம் வேறு யாருக்கும் போடவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் வருகைப் பதிவேட்டில் இதே வரிசையில்தான் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்துமதியிடம் சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நிற்கவே இல்லை.

மே 26, ஞாயிறு

பத்துப் பேர். நான் ஓட்டினேன். அன்று ஏறிய யாரையும் விடவில்லை. கெடா விருந்து என்றதும் லட்சுமணன் கடைக்கே பூட்டுப் போட்டுவிட்டான்.

வீட்டிலிருந்து கோயில்வரை இருபத்துமூன்று வேகத்தடை. பதினெட்டைக் குறுக்காக ஏற்றித் தாண்டிவிட்டேன். மீதி ஐந்தும் ஊர்க்காரர்களே கல்லும் மண்ணும் போட்டுக் கட்டியவை. அங்கெல்லாம் ஒன்பது பேர் இறங்க வேண்டும். பூபதி ஓட்டுவான், நான் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பேன், மற்றவர்கள் தாண்டிப் போய் நிற்பார்கள். வண்டி வந்ததும் மறுபடி ஏற்றம். ஒவ்வொரு தடவையும் பேபி ஜன்னலோர இடத்தைப் பிடித்துவிடுவாள்.

நான்காவது இடத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று எங்களைப் பார்த்தார். "ஏனுங், வண்டி உங்களைக் கூட்டிட்டுப் போகுதுங்களா, நீங்க வண்டியக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"மாத்தி மாத்திங்க" என்றான் பூபதி.

கோயிலில் பூசாரி வழக்கப்படி அடுப்பின் முன்னால் எங்களை நிறுத்திக் கேட்டார். "அண்ணந்தம்பிக்குள்ள பேச்சு உண்டா?"

"வழி பூராச் சண்டைங்க" என்றான் பூபதி. "ரெண்டாவது கியர்ல ஏத்துங்கறேன், கேக்க மாட்டேங்கறாரு."

"மொத கியர்தான் சரி" என்றேன்.

"அப்பப் பத்த வெய்யுங்க" என்றார் பூசாரி.

இரண்டு பேரும் ஒரே பானையில் அரிசியைப் போட்டோம். பொங்கி வழிந்தது. இந்துமதியும் சுகுணாவும் குலவையிட்டார்கள். ஜமால் பாய் கூட்டத்துக்கு வெளியே, வண்டிக்குப் பக்கத்தில் நின்று, சக்கரத்தைப் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். டயரின் மொத்த உயரம், வேகமானி. நான் சொன்னதையே, எனக்கு வராத அழகோடு.

மே 27, திங்கள்

எழுதிய எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். தவறுகள் என்று குறித்தவை மொத்தம் மூன்று. ஒன்று எண்ணெய். ஒன்று ஆள் ஏற்றிப் பார்ப்பது, அதை அடித்துவிட்டேன். மூன்றாவது எழுபத்தெட்டு. அதை அடிக்கவில்லை.

இருந்தாலும் குழுவின் பக்கத்தில் போடுவதாகத்தான் இருக்கிறேன். வண்டியை இறக்க நினைப்பவர்கள் முதலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று யோசிக்க வேண்டும். இதை யாராவது சொல்ல வேண்டும்.

கீழே பெயரை எப்படிப் போடுவது என்று அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். பட்டத்தோடா, பட்டம் இல்லாமலா, கல்லூரி பெயரோடா. "பேரே போடாதீங்க. போக்குவரத்து ஆபீஸ்காரங்களும் படிப்பாங்க, பழைய சக்கரம் எங்க, யாரைக் கேட்டு மாத்துனீங்கன்னு கேட்டுட்டு வருவாங்க" என்கிறாள் இந்துமதி.

வாசலில் ஹாரன் அடிக்கிறது. பூபதி. பட்டறைக்கு ஒரு வேன் வந்திருக்கிறதாம், நான்கு அங்குலம் இறக்கவேண்டுமாம், கணக்குப் போட ஆள் வேண்டுமாம். "சட்டைய மாத்தாத, அழுக்குச் சட்டையிலயே வா" என்று கத்துகிறான்.

மறுபடியும் அடிக்கிறான். பெயர் எழுத நேரமில்லை. அப்படியே போட்டுவிடுகிறேன்.